டேங்க் மூடி

தெருப் பெண்கள் மறியல் செய்து முக்கு மதுக்கடையை மூடவைத்த நாளிலிருந்து ஏகாம்பரம் குடிக்கவில்லை. மறுபடி தொட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி குணவதி சொல்லியிருந்தாள். தினமும் சாயங்காலம் வாசலில் அவள் முகத்தெதிரே ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். எழுபது நாள் அப்படியே ஓடிற்று.

அன்றைக்கு வண்டி திக்கித் திக்கி வந்ததால் மெக்கானிக்கிடம் காட்டினான். "இப்பல்லாம் பெட்ரோல்ல கரும்புச் சாராயத்தக் கலக்குறாங்கண்ணே. பூமிக்கு நல்லதாம். ஒங்களுக்கும் சேத்து வண்டி குடிக்குது" என்று சிரித்தான் அவன். ஏகாம்பரமும் சிரித்துவைத்தான்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும், சும்மா பார்ப்போமே என்று டேங்க் மூடியைத் திறந்தான். பெட்ரோல் நெடிதான். அதற்கும் அடியில் வேறு ஏதாவது வாசம் இருக்கிறதா என்று குனிந்தான். இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

"எவ்ளோ இருக்குன்னு பாக்க இவ்ளோ நேரமா? வந்து ஊதுங்க."

குணவதி பின்னால் நின்றிருந்தாள். ஒரு சொட்டுக்கூட அவன் குடிக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கத் தயங்கினான். கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். கண்ணைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வாசல் ஒரு வண்டி நின்றது. திறந்த டேங்க் ஒவ்வொன்றின் மேலும் ஒரு தலை குனிந்திருந்தது.