ஒரு படி அதிகம்

குறை தேடாமல் எந்த மருத்துவ ஆய்வையும் நான் நம்புவதில்லை. இந்த ஆய்வுக் கட்டுரையின் வரைபடத்தில் இரண்டு கோடுகள்: புது மருந்து பெற்றவர்களுக்கு ஒன்று, பெறாதவர்களுக்கு ஒன்று. ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். பெறாதவர்களில் நாற்பத்தொரு பேர் இறந்ததாக அட்டவணை சொன்னது. கோட்டில் நாற்பத்திரண்டு படிகள். மற்ற கோடு சரியாக இருந்தது. அச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன்.

மருங்காபுரியிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவந்து எங்கள் ஐசியுவில் சேர்த்திருந்த மருதை என்பவருக்கு அந்த மருந்தை ஏற்றினோம்.

பாட்டில் காலியானதும், "இனிமே பொழச்சுக்குவாருங்களா டாக்டரம்மா?" என்று கேட்டாள் அவர் மனைவி மயிலம்மாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லக் கட்டுரையை மறுபடி எடுத்தேன். பெறாதவர்களின் கோட்டில் இப்போது நாற்பத்தொரு படிகள்தான் இருந்தன. மருந்து பெற்றவர்களின் கோட்டில், கடைசியில், ஒரு படி கூடியிருந்தது.