மஞ்சள் கோட்டு

“கையில என்ன சார் கட்டு?”

“உங்க பட்டாசு அக்கா நேத்து கடிச்சு வெச்சுட்டா. மனுஷியா அவ?”

மீன் காட்சியகத்தில் வேலை பார்க்கும் நான்கு பெண்களும் அசந்து போனார்கள். பட்டாசு அக்கா அவர்களுக்கு சூப்பர்வைசர். பொரிந்து தள்ளுவாள், அது ஊருக்கே தெரியும். கடிக்கக் கூடவா செய்வாள்?

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்கு ஓனரம்மா வர்றாங்க. அவளை வீட்டுக்கு அனுப்பிடலாம். அந்த மஞ்சள் கோட்டு வேண்டாம்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.”

கோட்டு என்றதும் நால்வரில் ஒருத்தியான கண்ணாடிக்காரிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இருக்காதா பின்னே? ஆறு மாசமாக அவள் பட்ட பாடு அப்படி. முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டு. மஞ்சள் தொப்பி. ஒரு முடி வெளியே தெரியக் கூடாது. வாய்க்கு முகமூடி வேறு. அக்காவும் அதே வேஷத்தில்தான் திரிவாள்.

“எல்லாரும் அவங்களை மாதிரியே இருக்கணுமாம் சார். மகாராணின்னு நெனப்பு! போன வாரம் என்னைப் பெத்த அம்மாவே இங்க வந்து, வேற ஒருத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு ‘சாப்பிட்டியா கண்ணு’ன்னு கேட்கிறாங்க!”

மற்ற இருவரும் சிரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாத சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாயில்லாப் பூச்சி. “கூட்டம் வந்துடுச்சு” என்று முனகிவிட்டுத் தொட்டிப் பக்கம் நழுவினாள்.

அங்கே போனால் மட்டும் எப்படித்தான் பேச்சு வருமோ!

“இதுதான் நச்சுப்பல் மீன். பவளப்பாறையில இருக்கும். விரல் நீளம்தான், ஆனா பல்லுல விஷம். பெரிய மீன் லபக்குன்னு வாயில போட்டுக்கிட்டா, உள்ளே இருந்தே ஒரு கடி. பெரியவருக்குக் கிறுகிறுன்னு வந்து வாய் தானா திறந்துக்கும். இவர் பாட்டுக்கு வெளியே வந்துடுவார்.”

“அடேயப்பா! இங்க இருக்கிற எல்லாத்துக்கும் விஷமா?” என்றாள் பார்க்க வந்த ஓர் அம்மாள்.

“இல்லம்மா, அந்த ஒண்ணுக்குத்தான். மத்ததெல்லாம் வேற மீன், பரம சாது. பார்க்க மட்டும் அதே மாதிரி இருக்கும்.”

“அப்புறம் ஏன் பெரிய மீன் அதுங்களை விட்டு வைக்குது?”

“எது கடிக்கும்னு அதுக்குத் தெரியாதேம்மா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் ஓனரம்மா எல்லோரையும் கூப்பிடுவதாக ஆள் வந்துவிட்டது.

அறையில் பட்டாசு அக்கா கைகட்டி நின்றிருந்தாள்.

“ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டேன் மேடம். பாய்ஞ்சு கடிச்சிட்டா. இவளைத் தூக்குங்க. அந்த மஞ்சள் கோட்டையும் தூக்குங்க” என்றார் மேனேஜர்.

“கடிச்சியாம்மா?”

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா முறைத்த முறைப்பில் அடங்கிப்போனாள்.

“ஆமாம் மேடம். நான்தான் கடிச்சேன்.”

“பார்த்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா!” மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

“இருங்க சார். கடிச்சது சரி, கோட்டு என்ன பண்ணுச்சு?”

“பின்னாடி இருந்து பார்த்தா யாரு எவருன்னே தெரிய மாட்டேங்குது மேடம்! அதுவும் அந்த இருட்டு ஸ்டோர் ரூம்ல...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்? சொல்லித் தொலைத்தாயிற்று.

ஓனரம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“ஏன் லேட்டுன்னு கேட்கிறவர் முன்னாடி நின்னுல்ல கேட்பார்? இருட்டுல, பின்னாடி நின்னு என்ன சார் கேள்வி?”

மேனேஜர் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“ஆறு மாசம் முன்னாடி என்கிட்டதான் முதல்ல வந்தார் மேடம்” என்றாள் அக்கா. “விட்டேன் ஒரு அறை. சொன்னா நீங்க நம்புவீங்களோ மாட்டீங்களோன்னு பயம். என்னை விட்டுட்டு இந்தப் புள்ளைங்க கிட்ட போவாரேன்னுதான் மறுநாளே எல்லாருக்கும் என் கோட்டையே மாட்டிவிட்டேன். எது நான்னு தெரியாம ஒதுங்கியே இருந்தார். நேத்து என்ன துணிச்சல் வந்துச்சோ!”

கண்ணாடிக்காரி குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள்.

“சாவிக்கொத்தை மேஜை மேல வெச்சிட்டுக் கிளம்புங்க சார்” என்றாள் ஓனரம்மா. “மத்ததைப் போலீஸ்ல பேசிக்கலாம்.”

கட்டுப் போட்ட கையோடு மேனேஜர் படியிறங்கியதுதான் தாமதம், நடைவழியே அதிர்ந்தது. விசில் என்ன, கைத்தட்டல் என்ன! “அக்கா, எங்களை மன்னிச்சிடுங்கக்கா! என்னா கடி!” என்று கண்ணாடிக்காரி அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

“போதும் போதும், போய் வேலையைப் பாருங்கடி!” என்று எல்லோரையும் விரட்டினாள் பட்டாசு அக்கா.

பிறகு சின்னவளை மட்டும் ஓரமாக இழுத்து, அவள் காதோடு சொன்னாள்:

“ஏண்டி, கடிச்சதுதான் கடிச்சே... இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடிச்சிருக்கக் கூடாதா?”