இறங்கும் நாலாவது கம்பி

வெனிசுலாவின் புல்வெளி நாட்டில் குவாட்ரோ என்றொரு வாத்தியம் உண்டு. பார்க்கக் குட்டி கிதார் மாதிரி இருக்கும், கம்பி நாலே நாலு. அப்படி ஒரு குவாட்ரோ கல்யாண வீட்டுச் சுவரில் தொங்கியது. பக்கத்து ஆணியில், வெளியூர் விருந்தாளியோடு வந்த பெரிய கிதார்.

குவாட்ரோ மெல்ல முனகிப் பார்த்தது. கிதாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னடா தம்பி, மூணு கம்பி படிப்படியா ஏறுது, நாலாவது தொபுக்கடீர்னு விழுது? முறுக்கிக்கோ. சபையில மானம் போயிடும்.”

குவாட்ரோவுக்குச் சுருக்கென்றது. “எங்க ஊர்ல இப்படித்தான் அண்ணே.”

விருந்தாளிக்கும் கிதாரின் எண்ணமே. உதவி செய்வதாக நினைத்து, அந்தக் கம்பியை முறுக்கி ஏற்றிவிட்டுப் போனார்.

ஆட்டம் தொடங்கியது. குவாட்ரோவின் சொந்தக்காரர் எலாதியோ அதை அவசரமாக எடுத்து வாசித்தார். யாழ் போன்ற ஹார்ப் பொழிந்தது, விதைக் குடுக்கைகள் குலுங்கின, குவாட்ரோ மட்டும் கீச்சென்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் தூக்கிய காலோடு நின்றுவிட்டார்கள்.

எலாதியோ சிரித்தார். சுதி சேர்க்க அந்த ஊரார் பாடும், செங்காய் வாழைப்பழத்தின் பெயரைக் கம்பிக்கு ஓர் அசையாகப் பாடினார்: “கம்... பூர்... பின்... தோன்.” கல்யாண வீடே கூடப் பாடியது. கடைசி அசையில் அத்தனை குரலும் ஒன்றாக இறங்கின. எலாதியோ முறுக்கைத் தளர்த்த, நாலாவது கம்பியும் இறங்கியது.

அப்புறம் ஆடியவர்கள் மிதித்த மிதியில் சுவர் அதிர்ந்தது. ஆணியில் கிதாரும் தன்னையறியாமல் ஆடியது.

எலாதியோவின் நெஞ்சில் சாய்ந்தபடி குவாட்ரோ உரக்கக் கேட்டது:

“ஏறிக்கிட்டே போனா எப்படி அண்ணே? தூக்கின கால் தரையில விழ வேணாமா?”