பனி தரைவரை இறங்கும்

மிரென் பட்டிக் கதவின் சங்கிலியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டி, அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டாள்.

"இன்னைக்கு ஒரு ஆட்டு மேலயும் கத்தரி படக் கூடாது, டெல்."

நான் அப்போதுதான் ரோமம் கத்தரிக்கும் வண்டியின் மோட்டாரை ஓடவிட்டிருந்தேன். என் ஆட்கள் நான்கு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக நின்றார்கள். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகமில்லை. ஐடஹோவில் ஏப்ரல் மாதம் இப்படி ஒரு காலை கிடைப்பதே பெரிய விஷயம்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் தன் பிக்கப் வண்டியைக் கைகாட்டினாள். கதவு திறந்து கிடந்தது, உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளத்தாக்குகளில் மழை, மலைகளில் பனி. வசந்தம் வந்தால் வானிலை அலுவலகம் தினமும் பாடுகிற பாட்டுதான். ஆனால் இன்று வானொலியில் பேசிய பெண்குரல் அதோடு நிற்கவில்லை. மாலைக்குள் மழை பனியாக மாறிப் பள்ளத்தாக்கின் தரைவரை இறங்கும் என்றது. புதிதாக ரோமம் கத்தரித்த ஆடுகளைக் கூரைக்குள் சேர்த்துவிடுங்கள் என்றது.

மிரெனிடம் இருப்பது ஒரே ஒரு கொட்டகை. அதற்குள் அவளுடைய ஆடுகளில் பத்தில் ஒரு பங்குகூட அடங்காது.

ரோமம் உள்ள ஆடு பனியைத் தாங்கிக்கொள்ளும். கத்தரித்த ஆடு மழையில் நனைந்து, பனியில் விறைத்து, சூடு தேடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியே செத்துப்போகும்.

எனக்குத் தெரியும். போன வசந்தத்தில் இதே பட்டியில் நான் கத்தரித்த ஆடுகள் அப்படித்தான் போயின. பனி மலையோடு நின்றுவிடும் என்று அன்றைக்குச் சொன்னதும் இதே குரல்தான். பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அடி. மிரெனுக்குத்தான் பலத்த அடி.

பக்கத்துப் பண்ணை லாமார் வேலியில் முழங்கையை ஊன்றிச் சிரித்தார். யூட்டாவிலிருந்து வந்து இரண்டு வருடமாக அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். இங்கே முடித்ததும் அடுத்து அவருடைய ஆடுகளுக்குத்தான் நான் கத்தரிக்க வேண்டும்.

"மிரென், அந்தப் பொண்ணு பனி வராதுன்னு சொன்னா வருது. அப்ப வரும்னு சொன்னா வராது. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

என் ஆட்கள் சிரித்தார்கள். நானும்தான்.

"உங்க ஆட்டுக்கு நீங்க தாராளமா கத்தரிச்சுக்கங்க லாமார். நான் ஒண்ணும் தடுக்கலையே."

"சாயங்காலம் வெயில் அடிக்கும். அப்ப வந்து சிரிக்கிறேன்."

"வாங்க. காபி போட்டு வைக்கிறேன்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளிடம் போய் நிலைமையைச் சொன்னேன். லாமார் ஆடுகளை முடித்தால் நாங்கள் கணவாயைத் தாண்டி மொன்டானா போய்விடுவோம். கோடை வரை இந்தப் பக்கம் வர முடியாது. அவளுடைய ஆடுகளோ சினையாக இருக்கின்றன. ரோமத்தோடு ஈன்றால் குட்டிக்குக் காம்பு கிடைக்காது. தொங்குகிற அழுக்கு ரோமத்தைச் சப்பிக்கொண்டே பசியில் சாகும்.

"ஆடு ஈனுறதப் பத்தி எனக்கே சொல்லித் தரியா? மடியச் சுத்தி மட்டும் நானே கைக் கத்தரியால வெட்டி விட்டுடுறேன்."

"இத்தனை ஆட்டுக்குமா?"

"இத்தனைக்கும்தான். இடுப்பு ஒடிஞ்சா ஒடியட்டும்."

"அந்தக் குரல நம்பித்தானே போன வருஷம் பட்டியக் காலி பண்ணீங்க? திரும்பவும் அதையே நம்புறீங்க. உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"இருக்கு. இருக்கறதாலதான் இங்க நிக்கிறேன்."

வானொலியில் அதே முன்னறிவிப்பு மறுபடி தொடங்கியது. மிரென் வண்டிக்குப் போனாள். அணைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் லாமாருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும்.

மோட்டாரை நிறுத்தினேன். ஆட்களிடம் சாமான்களை ஏற்றச் சொன்னேன். போகும் முன் அவள் பக்கத்தில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டேன்.

"நிஜமாச் சொல்லுங்க. பனி வரும்னு நம்புறீங்களா?"

அன்று காலையில் முதல் முறையாக அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"தெரியல டெல்."

கதவுச் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"போன வருஷம் செத்த ஆட்டையெல்லாம் குழியில தள்ளிட்டு வந்து என் பொண்ணுக்குப் போன் பண்ணேன். வேலைய விட்டுட்டு வீட்டுக்கே வந்துடுறேம்மான்னு அழுதா. அழுகைய நிறுத்திட்டு, போய் அந்த நாற்காலியிலயே உக்காருடின்னு நான்தான் சொன்னேன்."

நான் வானொலி இருந்த பக்கம் திரும்பினேன். அந்தக் குரல் பனி, கூரை, தரைவரை என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பெத்தவளே அவ பேச்சக் கேக்கலன்னா, வேற யாரு கேப்பா?"

சற்று முன்பு சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது. வண்டிக்குத் திரும்பினேன்.

லாமார் வேலியிலிருந்து கையசைத்தார். "அங்க என்ன கதை? வெயில் இருக்கும்போதே வண்டிய நம்ம பக்கம் கொண்டா, டெல்."

"மோட்டார் பெல்ட் அறுந்துபோச்சு, லாமார். இனிமே நாளைக்குத்தான்."

என் ஆட்கள் நான்கு பேரும் முழுசாக இருந்த பெல்ட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் அதன்மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டான்.