பென்சில் பட்டியல்

முடிவுத் தாளில் ஏழாம் எண்ணுக்கு நேராக ஒன்று என்றிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்றேதான்.

மூன்று மாதமாக எங்கள் ஆய்வகத்தில் எந்தக் கிருமியை வளர்த்தாலும் தட்டில் மஞ்சள் புள்ளிகள் முளைத்தன. வேறு ஏதோ பாக்டீரியா அழையா விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தட்டுகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்துக் கொடுப்பவள் அக்கா. அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். சுத்தம் போதவில்லை என்று முதலில் வாயைத் திறந்தவன் நான். முப்பத்தோரு வருட சர்வீஸ். நான் சொன்னால் அப்பீல் கிடையாது.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள்தான் காரணம் என்று தெரிந்தால் சீட்டுக் கிழியும்.

நியாயமாக நடப்பதாகக் காட்ட வேண்டுமே. என்னையும் சேர்த்து ஆய்வகத்தின் பத்துப் பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டு மாதிரி எடுத்து வெளியே சோதனைக்கு அனுப்பினேன். பெயர் போகக் கூடாது, எண் மட்டும்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருந்தது. பென்சிலில் எழுதியது.

மனித மூக்கில் குடியிருக்கும் இந்த பாக்டீரியாவுக்கு ஒரே குரோமோசோம், முனையில்லாத வளையம். இருபத்தெட்டு லட்சம் டி.என்.ஏ. எழுத்து. பெருகும்போது ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் நகலெடுத்துக்கொண்டே போய் எதிர்ப்பக்கம் சந்தித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான தலைமுறைக்கு ஓர் எழுத்து பிசகினாலே அதிகம். தட்டில் இருந்ததையும் மூக்கில் இருந்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும்.

நாலாம் எண், அக்கா. பதினாறாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஏழாம் எண், ஒரே ஒரு வித்தியாசம்.

கதவு தட்டும் சத்தம். அக்கா நின்றாள். முடிவு வரும் நாள் இன்று என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். துவைத்துத் தேய்த்த வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"வந்துடுச்சா சார்?"

"உங்களோடது இல்லக்கா."

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் மூக்கைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"தெரியும் சார். தினமும் தட்டு மூடியத் தொறந்து மோந்து மோந்து பாப்பீங்களே, அப்பவே நெனச்சேன். எல்லார் முன்னாடியும் சொன்னா உங்களுக்குச் சங்கடம்னு விட்டுட்டேன்."

மோந்து பார்த்தே இன்ன பாக்டீரியா என்று சொல்லிவிடுவேன். முகமூடி கட்டினால் வாசனை தெரியாது என்று கட்டுவதில்லை. புதிதாகச் சேருகிறவர்களை வரிசையாக நிறுத்தி அந்த வித்தையைக் காட்டிப் பூரித்தவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

அவள் மேஜையைப் பார்த்தாள். குப்பையைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. பட்டியலைச் சுற்றிக் கிடந்த ரப்பர் துகளையெல்லாம் ஒரே இழுப்பில் உள்ளங்கையில் கூட்டி எடுத்துக் கூடையில் போட்டாள்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எதை அழித்தேன் என்று கேட்கவில்லை.

பட்டியலைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே, ஏழு இருந்த இடத்தில், நாலு என்றிருந்தது. அக்காவின் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

அவள் கதவைத் தட்டியபோது அங்கே ஏழு போடத்தான் பென்சிலை வைத்திருந்தேன்.