துலக்கிய காசு

றிஸ்வி நானா உள்ளங்கையை விரித்தார். காசு பளபளத்தது.

கூடப்பிறந்தவரின் கையை ஃபாஹிமா உற்றுப் பார்த்தாள்.

"மாப்புள தந்த மஹர். பொருத்தமா, தங்கச்சி?"

முன் அறையில் பதிவுகாரர் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். நானாவுக்குப் பின்னால் இரண்டு சாட்சிகள் கதவுச் சீலையை ஒதுக்கிப் பிடித்தபடி நின்றார்கள். பொருத்தம் என்று அவள் சொன்னால்தான் நிக்காஹ். சொல்லாவிட்டால் கொல்லையில் தம் போட்ட புரியாணி அப்படியே ஆறிப்போகும்.

அவள் காசைக் கையில் வாங்கினாள்.

செப்புக் காசு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எண்ணூறு வருடம் மண்ணுக்குள் கிடந்து கறுத்து, பச்சை படர்ந்து இருக்க வேண்டியது. நேற்று அடித்ததுபோல மின்னியது.

புளி மணத்தது.

தங்கச்சி றிஷ்னா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "தங்கம் மாதிரி இரிக்கி, ராத்தா! ரெண்டு நாளாப் புளியும் உப்பும் போட்டுத் தேச்சாராம் மச்சான். விரலெல்லாம் புண்ணாம்."

"உப்பளத்து மாப்புளக்கி உப்புக்கா பஞ்சம்?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அறை முழுக்கச் சிரித்தது.

ஃபாஹிமா சிரிக்கவில்லை.

பழைய காசைத் தேய்க்கக் கூடாது. தண்ணீரில் மெதுவாக அலம்பலாம், அவ்வளவுதான். உச்சமுனையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்களுக்கும், தென்னந்தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்களுக்கும் அவள் அதைத்தான் சொல்லுவாள். எது கிடைத்தாலும் கிடைத்தபடி தாருங்கள். அந்தக் கறுப்புத்தான் காசின் வயது.

அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் தகரப் பேணி. அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு காசுகள். பாமசியில் மருந்துக் குளிசை போட்டுத் தரும் சின்னக் கடதாசி உறைகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, எங்கே கிடைத்தது, யார் கண்டெடுத்தது என்று மேலே எழுதியிருந்தாள். கற்பிட்டிக் கடற்கரையில் அலை ஒதுக்கிய ஒல்லாந்தர் துட்டு அதில் ஆறு இருந்தது.

லீலாவதி காசு மட்டும் இல்லை.

பொலன்னறுவையை ஆண்ட அரசி அவள். மூன்று தடவை சிம்மாசனம் ஏறினாள். மூன்று தடவையும் இறக்கிவிட்டார்கள். ஆனாலும் செம்பில் தன் பெயரை அடித்துவைத்துவிட்டுத்தான் போனாள்.

என்ன மஹர் வேண்டும் என்று மாப்பிள்ளை இன்சாப் கேட்டனுப்பியபோது, ஒரு லீலாவதி காசு என்றாள் ஃபாஹிமா. வீட்டிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்சாப் சிரிக்கவில்லையாம். பேரை எழுதித் தரட்டும் என்று மட்டும் சொன்னாராம்.

குளிசை உறை ஒன்றில் எழுதி, காசின் இரண்டு பக்கத்தையும் படமாகக் கீறிக் கொடுத்தனுப்பினாள்.

ஏழு மாதம். பாலாவி உப்பளத்தில் வேலை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்த கையோடு பஸ் ஏறி, அந்த உறையைக் காட்டிக் காட்டி, சிலாபம் வரைக்கும் ஒரு பழைய பித்தளைக் கடை விடாமல் அலைந்திருக்கிறார்.

அலைந்து கண்டுபிடித்ததை, பெண்ணுக்குக் கொடுக்கும் பொருள் அழுக்காக இருக்கலாமா என்று, பாத்திரம் துலக்குவதுபோலத் துலக்கியிருக்கிறார்.

அவள் காசை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம் வெறும் நிழலாக இருந்தது. மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உருவத்தின் முழங்கால் மட்டும் மிச்சம். அதற்கு வலப்பக்கம் மூன்று வரியில் இருக்க வேண்டும் அந்தப் பெயர்.

விரலால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்றிருந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே இந்த மனிதர். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோசம் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

சீலை இடுக்கால் முன் அறை தெரிந்தது. பாயில் வெள்ளைச் சட்டையோடு இன்சாப். வலது கையில் மூன்று விரலுக்குப் பிளாஸ்டர். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளையைப் போல இந்தச் சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா குனிந்து குரலைத் தாழ்த்தினார். "பேசாம இரிக்காத, புள்ள. இந்த முறை வாயால சொல்லணும்."

அது அவளுக்குத் தெரியும்.

முதல் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போது பத்தொன்பது வயது. வாப்பா வந்து, வெல்வெட் பெட்டியைத் திறந்து, ஐந்து தங்கப் பவுணைக் காட்டிக் கேட்டார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. கன்னிப் பெண்ணுக்கு மௌனமே சம்மதம் என்று அவர் எழும்பிப் போய்விட்டார்.

கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் அந்தப் பவுண் ஐந்தும் அடகுக் கடைக்குப் போயின. அந்த வீட்டிலிருந்து கடைசியில் திரும்பி வந்தது அவள் மட்டும்தான்.

ஃபாஹிமா காசை இன்னொரு தடவை புரட்டினாள். பெயர் இல்லை. முகம் இல்லை. இனி இதை எந்தச் சேகரிப்பாளனும் கேட்டு வரமாட்டான். எந்த அடகுக் கடையிலும் தராசில் வைக்கமாட்டார்கள்.

உலகத்திலேயே இது அவள் ஒருத்திக்குத்தான் காசு.

உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். கை முழுக்கப் புளி மணத்தது.

"பொருத்தம்" என்றாள்.

முன் அறையில் கோப்பை பீரிசுத் தட்டில் இடறும் சத்தம் கேட்டது.