இரண்டு கிலோ கூடுதல்

கோகிலாவுக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது. கஹவத்தை டவுன் கடையில் வீட்டுக்கு வாங்கிய அரிசிப் பொதியை மேசையடியில் வைத்துவிட்டு, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கம்ப்யூட்டரைத் திறந்ததிலிருந்தே இந்த அருவருப்புத்தான். கம்பெனியில் அவளுக்கு முன் இருந்த டிலக்ஷன் எழுதிவிட்டுப் போன ப்ரோகிராம் அப்படி இருந்தது.

"பாருங்க மிஸ், தராசுல பதினாலு கிலோ. ஒங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல பதினாறு. எந்தச் சாக்க வச்சாலும் ரெண்டு கிலோ கூடக் காட்டுது" என்றார் தோட்டத்து பீல்ட் ஒபீசர் மயில்வாகனம்.

காரணம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. தராசோடு பேசும் லைப்ரரியை ஜாவாவோடு இணைக்கும் பைண்டிங்கில், இன்னும் வெளியிடாத பிரிவியூ வசதி ஒன்றை டிலக்ஷன் எடுத்துப் போட்டிருந்தான். தராசு காட்டும் எண்ணை விட்டுவிட்டு, தட்டில் விழும் பாரத்தை நேரே வாசிக்கிற வசதி. சோதனைக்கு மட்டும், நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

சீ, வேகாத சோற்றை ஊருக்கே பரிமாறியிருக்கிறான்! இவனெல்லாம் ஒரு ப்ரோகிராமரா என்று, வேலையை விட்டுப் போனவனை மனதுக்குள் காறித் துப்பினாள்.

"அத மாத்திறாதீங்க மிஸ்" என்றாள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் முதலில் நின்ற அழகம்மா. "பதினாறு கிலோ இருந்தாத்தான் முழு நாள் பேரு போட்டுச் சம்பளம் தருவாங்க. கொறஞ்சா அரை நாளுதான்."

"பிழையான எடைய வச்சு எப்பிடிம்மா பேரு போடுறது?"

அழகம்மா மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினாள். "முந்தி மாதிரி ஈரக் கொழுந்துன்னு சொல்லி ரெண்டு கிலோ கழிக்கிறீங்களோ ஐயா?"

"அதெல்லாம் யூனியன்ல பேசி போன வருசமே நிப்பாட்டியாச்சே! சரி சரி, மிஸ் வேலைய முடிக்கட்டும்."

கோகிலா அந்த வரிகளை அழித்துவிட்டு, தராசு காட்டும் எண்ணையே வாசிக்கிற, முறைப்படி வெளியான வசதியைப் போட்டாள். அழகம்மாவின் சாக்கு மறுபடி தட்டில் ஏறியது. தராசில் பதினாலு, கம்ப்யூட்டரிலும் பதினாலு.

"இப்பத்தான் சரி!" மயில்வாகனத்தின் முகம் மலர்ந்தது.

அழகம்மா நகரவில்லை. "வேற எதையாச்சும் ஒரு தரம் வச்சுப் பாருங்க மிஸ். அரை நாள் போச்சுன்னா எனக்கு யாரு தருவா?"

கோகிலாவுக்கு எரிச்சலாக வந்தது. இவள் வாயை அடைத்தால் போதுமென்று, மேசையடியில் கிடந்த அரிசிப் பொதியைத் தூக்கித் தட்டில் வைத்தாள். கடையில் ஒட்டிய சீல்கூடப் பிரிக்காத ஐந்து கிலோ.

தராசில் மூன்று. கம்ப்யூட்டரிலும் மூன்று.

மயில்வாகனம் அவசரமாக வெளியே மழையைப் பார்த்தார். கோகிலா, தான் அழித்த டிலக்ஷனின் வரிகள் இருந்த இடத்தைத் திரையில் பார்த்தாள்.

அழகம்மா பொதியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன் ஐயா, மிஸ்ஸோட அரிசியும் ஈரமா?"